எட்டு வந்தால் நம்ம கட்சி

கதவைத் திறந்ததுமே அறவாழிக்குத் தெரிந்துவிட்டது. முதலில் தெரிந்தது மூக்குக்கு. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த எலுமிச்சை வாசனை டப்பா, கண்ணாடியில் தொங்கிய மல்லிகை வாசனை அட்டை, போதாக்குறைக்கு யாரோ காலையில்தான் அடித்துவிட்டுப் போயிருந்த ஸ்பிரே, இத்தனையையும் மீறி அடியில் ஒரு வாடை. மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாடை. பழைய வண்டிக்கு எதற்குப் புதுசாகத் தரைவிரிப்பு என்று கண் கேட்டது. அப்புறம் கை தன் வேலையைப் பார்த்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தே தலை நரைத்த சர்வேயரின் கை அது, யாரும் ஏவ வேண்டியதில்லை. இடது பக்க சீட்டில் அவர் உட்கார்ந்ததும் அது பெல்ட்டைப் பிடித்தது, மாட்டுவதற்கு வேண்டிய அளவோடு நிறுத்தாமல் கடைசி வரை இழுத்தது, அங்கே இருந்தது அந்தக் கோடு. சேற்றுத் தண்ணீர் நின்று வடிந்த பழுப்புக் கோடு. சென்னை நம்பர் வண்டி, சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டி, பெல்ட்டை மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றாத கஞ்சப்பயல் எவனோ துடைத்து மெழுகி கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பெல்ட்டை விட்டார். சட்டென்று சுருங்கி உள்ளே போக வேண்டியது தயங்கித் தயங்கிப் போனது. இருந்தும் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் முகிலா, பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வாங்கியவள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் புரோக்கர் குப்புராஜ், "போலாமுங்களா பாப்பா? டாக்டரம்மா ஒருத்தர் ஓட்டுன வண்டி, பஞ்சு மாதிரி வெச்சிருந்தாங்க" என்றான். இறங்கு, இது முங்கின வண்டி. சொல்ல வேண்டியது அவ்வளவுதான், அப்போதே சொல்லியிருக்கலாம். அறவாழி வாயைத் திறந்து, "ம், எடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் சத்தி ரோட்டில் வண்டிக்குக் குறைவில்லை. கணபதி தாண்டி, சரவணம்பட்டி வரை போய்த் திரும்பலாம் என்று குப்புராஜ் சொல்லியிருந்தான். முகிலா நன்றாகத்தான் ஓட்டினாள். அதுவே அவருக்குக் கசந்தது. கிளட்சை இவ்வளவு மெதுவாக விட யார் சொல்லிக் கொடுத்தது, ஏதோ டிரைவிங் ஸ்கூலில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன், தான் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை வண்டியின் குடலையும் பார்த்த மனுஷன், தன் பெண்ணுக்கு ஒரு கியர் போடச் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர அவள் கூப்பிடவில்லை. விவாகரத்து ஆன பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் பொங்கலுக்கு ஒரு செய்தி, பிறந்தநாளுக்கு ஒரு செய்தி, அதுவும் எல்லாருக்கும் அனுப்புகிற படம். திடீரென்று ஒருநாள் போன், "அம்மா சொன்னாங்க, உங்களுக்கு வண்டி பாக்கத் தெரியுமில்லீங்க, காலேஜுக்கு பைபாஸ்ல ஸ்கூட்டர்ல போறது அவங்களுக்குப் பயமா இருக்குதாம், பழைய காரா ஒண்ணு பாக்கணும்." தெரியுமில்லீங்க. 'நீ' என்று கூப்பிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்த வாய் அது. மரியாதை கொடுத்தே ஒரு மனுஷனை வாசலில் நிறுத்த முடியும் என்று சுகந்திதான் பழக்கியிருப்பாள். சுகந்தி, பாங்க் வேலைக்காரி, அவருடைய மனைவியாக இருந்தவள். பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்தாள் என்று புது வீட்டுக்குள் காலே வைக்காமல் எதிர் பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அறவாழி. கொள்கை. அப்பா கறுப்புச் சட்டை போட்டவர், பெயர் வைத்தவரும் அவர்தான், அதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா. எதிர் பேக்கரியில் டீ நன்றாக இருந்தது, வீட்டுக்குள் ஆள்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், முகிலா அப்போது பட்டுப்பாவாடையோடு வாசலில் வந்து நின்று இவரையே பார்த்தாள். என்ன வயசு இருக்கும் அப்போது. அதை நினைக்க வேண்டாம். நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

சாவியைத் திருப்பியதும் எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு கிளம்பும்போதே எரியவில்லை. அதைப் பார்த்தார். அதையும் அப்புறம் நினைக்கலாம் என்று தள்ளி வைத்தார்.

"சார் ஒண்ணுமே பேச மாட்டீங்கறீங்களே" என்றான் குப்புராஜ் பின்னாலிருந்து. நடுக் கண்ணாடி முகிலாவுக்காகத் திரும்பியிருந்தாலும் அதன் ஓரத்தில் அவன் முகம் கொஞ்சம் தெரிந்தது, ஒரு கண்ணும் அரை மீசையும். பெல்ட்டை அவர் கடைசி வரை இழுத்ததை அவன் பார்த்திருக்கிறான். இழுத்துவிட்டுப் பேசாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறான். அந்தக் கண் இப்போது சிரித்தது. நீ நம்ம ஆளு என்று சொல்கிற சிரிப்பு. அறவாழிக்கு அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது, தள்ள முடியாது, ஏனென்றால் அவன் சிரித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. சென்னை வெள்ளம் வடிந்த மாசம் கம்பெனி அவரை அங்கே அனுப்பியது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் வண்டிகளை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் உள்ளே ஜன்னல் உயரம் வரை ஒரே கோடு, சீட்டில் தவளை, ஒன்றில் குழந்தையின் பால்புட்டி. தேறாது, தேறாது, தேறாது என்று எழுதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேறாததை ஏலத்தில் விட்டார்கள், ஏலத்தில் எடுத்தவன் உடைக்கத்தான் எடுக்கிறேன் என்றான், உடைக்காமல் கழுவினான். இந்த வண்டிக்கும் தானே கையெழுத்துப் போட்டிருக்கலாம். தேறாது என்று தான் எழுதின வண்டியில் தன் பெண் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, உதட்டைக் கடித்து, ஒரு மினி பஸ்ஸைத் தாண்டப் பார்க்கிறாள். தாண்டிவிட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்ன வெற்றி வந்து போனது, அதை அவரிடம் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் காலையில் பார்த்த வண்டியால் வந்த வினை. சாயிபாபா காலனியில் ஹெலன் மிஸ் என்று ரிடையரான ஸ்கூல் டீச்சர், தனியாக இருக்கிறவர், வண்டியைச் சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர எடுத்ததில்லை, போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். அறவாழி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து காதை வைத்துக் கேட்டார், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு குறையும் இல்லை. குறையில்லாத வண்டியைப் பார்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முதல் ஞாயிறு பார்த்த சிவப்பு வண்டியில் புகை வருகிறது என்றார், வரவில்லை. அடுத்த வாரம் கியர்பாக்ஸ் சத்தம் என்றார், அது எல்லா வண்டியிலும் வருகிற சத்தம். போன வாரம் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பெரிய ஆக்ஸிடென்ட் என்றார், ஏதோ மாடு உரசியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு வண்டியையும் வேண்டாம் என்று சொன்ன பிறகு பக்கத்தில் எங்கேயாவது பேக்கரி இருக்கும். முகிலா தேங்காய் பன் சாப்பிடுவாள். போனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள், இருந்தாலும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு வாரம் ஹாஸ்டல்காரப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார். வண்டி கிடைத்துவிட்டால் பேக்கரி இல்லை. வண்டி கிடைத்துவிட்டால் மறுபடி பொங்கலுக்கு ஒரு படம். ஹெலன் மிஸ் வீட்டு வாசலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவர் கண்ணில் கடைசியாக நம்பர் பிளேட் பட்டது. கூட்டினார். வாய் முந்திக்கொண்டது. "நம்பர் கூட்டினா எட்டு வருது. எட்டு வேண்டாம். ஆகாது."

ஹெலன் மிஸ் சிரித்தார். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க. உங்களுக்கு மனசுல பட்டா வேண்டாம்." முகிலா சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து, ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பின்னால் உட்காருகிறவருக்கென்று அவள் வாராவாரம் கொண்டுவரும் இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்க பழைய பைக் நம்பர் என்னங்கப்பா?"

அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"ரெண்டு நாலு ரெண்டு சைபர்" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்குது." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். வழி முழுக்க அவர் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எட்டு வந்தால் சனி, எட்டு வந்தால் தட்டிப்போகும், எட்டு நம்பர் வண்டியை எவனும் வாங்க மாட்டான், விற்கப் போனாலும் விலை போகாது என்று ஊரே ஓடும். அறவாழி பைக் வாங்கினபோது ஆர்டிஓ ஆபீஸில் போய் நின்று, எட்டு வருகிற நம்பராகப் பார்த்து எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். கிளார்க் இவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பைக்கின் டேங்க் மேல் முகிலா உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போனாள். கூட்டல் கற்றுக்கொண்டது சிக்னலில். முன்னால் நிற்கிற லாரி, ஆட்டோ, பஸ் எல்லாவற்றின் நம்பரையும் விரல்விட்டுக் கூட்டுவாள், எட்டு வந்துவிட்டால் இரண்டு கையையும் தூக்கி, "அப்பா, நம்ம கட்சி" என்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இவருக்குப் பெருமை தாங்காது. சுகந்தியோடு மிச்சமிருந்த சண்டையெல்லாம்கூட அந்தக் கட்சிக்காகத்தான் போட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டார், பொண்டாட்டியை விட்டார், வளர்ந்த பெண்ணை விட்டார், கட்சியை விடவில்லை. இன்றைக்குக் காலையில் ஒரு டீச்சரம்மா வீட்டு வாசலில் அதையும் விட்டார். எதற்காக விட்டார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்திருந்தால் இங்கே ஏன் வந்தாள். தெரியாது. தெரிந்திருக்கும். கோபத்தில்தான் இந்தப் பழைய கார் யார்டுக்கு விட்டாள் ஸ்கூட்டரை, போர்டைப் பார்த்ததும் திருப்பினாள், எதையாவது வாங்கித் தொலைத்துவிட்டு இந்த ஆளிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்று.

சரவணம்பட்டிக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. முன்னால் ஒரு பால் வேன். ஐந்து, பூஜ்யம், ஒன்று, இரண்டு. கூட்ட வேண்டாம் என்று நினைப்பதற்குள் கூட்டி முடித்துவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். முகிலாவின் உதடு லேசாக அசைந்தது, நின்றது. கை ஸ்டியரிங்கைவிட்டு எழவில்லை. வேனின் சைலன்ஸர் புகை இவர்கள் பக்கமே வந்தது, அவள் கண்ணாடியை ஏற்றப் பட்டனை அழுத்தினாள், கண்ணாடி பாதி ஏறி நின்றுவிட்டது, மறுபடி அழுத்தினாள். "அது ஒண்ணுமில்லீங்க பாப்பா, ஸ்விட்சு தூசி" என்றான் குப்புராஜ். தூசியாம். முதலில் கண்ணாடி நிற்கும். அப்புறம் ஹாரன், யாரும் தொடாமலே நடு ராத்திரியில் கத்தும். அப்புறம் விளக்கு. உள்ளே ஓடுகிற ஒயர் ஒவ்வொன்றும் பச்சை பூத்திருக்கும், ஒன்று மாற்றி ஒன்று கைவிடும், எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடாது. அவள் யாரைக் கூப்பிடுவாள். அம்மாவுக்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும். அப்பா, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அப்பா, ஏசியில தண்ணி சொட்டுது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன, புதன்கிழமையும் கூப்பிடுவாள். நல்ல வண்டி அவளை இழுத்துக்கொண்டு போய்விடும், இந்த வண்டி அவளைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும். இப்படி ஒரு யோசனை தனக்கு வருகிறதே என்று அறவாழி அருவருப்போடு அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அதற்குள் ஒரு மேஜை, இரண்டு டீ, ஒரு தேங்காய் பன் எல்லாம் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் முகிலா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "இதுல என்ன குறை?"

"என்ன?"

"குறை. வாரா வாரம் ஒண்ணு சொல்லுவீங்களே. கூட்டிப் பாத்தாச்சா, அஞ்சு வருதா ஆறு வருதா? ராகு காலத்துல செஞ்ச வண்டியா?" குரல் ஏறவில்லை. ஏறாத குரல் சுகந்தியுடையது. "அம்மா ஒரு நல்ல நேரம் பாத்ததுக்கு எத்தன சண்ட போட்டிருக்கீங்க. வீட்டுக்குள்ள வராம கடைல போய் உக்காந்தீங்க. நான் அன்னிக்கு உங்களுக்காகச் சாப்பிடாம நின்னுட்டிருந்தன். இன்னிக்கு எட்டாம்."

"சார் சொல்றதுலயும் ஒரு இது இருக்குதுங்க பாப்பா, எட்டு ஆகாதுதான்" என்றான் குப்புராஜ்.

"நீங்க சும்மா இருங்க" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதில் அவள் உதடு ஒருபக்கம் லேசாகக் கோணியது, சிரிப்பில் பாதி. அந்தப் பாதிதான் அவரைக் கவிழ்த்தது.

"வண்டி பரவால்ல" என்றார் அறவாழி.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரோட்டையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "நெசமாவா?"

"ம். கண்ணாடி மட்டும் பாத்துக்கணும். மத்தபடி எடுக்கலாம்."

அவள் முகம் எப்படி மாறியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். காலையிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னால் எத்தனையோ மாசமாக இறுக்கி வைத்திருந்தது ஒவ்வொன்றாக விட்டது, நெற்றி, தாடை, தோள். "நான் நெனச்சன், இதையும் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு. சொல்லியிருந்தா அப்படியே வண்டிய நிறுத்திட்டு நடந்தே போயிருப்பன்" என்றாள். பிறகு யு-டர்ன் எடுக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே, "உனக்குப் புடிச்சிருக்கா?" என்றாள். நீ. தன்னால் வந்துவிட்டது, அவள் கவனிக்கக்கூட இல்லை. டேங்க் மேல் உட்கார்ந்து கையைத் தூக்கிய வாய், அதே நீ. சந்தோஷம் என்று அதற்குப் பெயர் சொல்ல அறவாழிக்கு வெட்கமாக இருந்தது. இனி இதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு யார்டு வரை போனால் போதும். அப்புறம் அந்த ஒயரையெல்லாம் தானே ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்துவிடலாம், தரையைப் பிரித்துக் காய வைத்து, துருவைச் சுரண்டி, எல்லாவற்றையும், பெல்ட்டையும் மாற்றி, அவளுக்குத் தெரியவே வேண்டாம், அந்த விளக்கையும், அந்த விளக்கு.

பலூன் ஏன் சார் விரியல. முன்பு அவர் சர்வேக்குப் போய்ப் பார்த்தது, கருமத்தம்பட்டி பக்கம் ரோட்டோரப் புளியமரத்தில் மோதிய வண்டி, முன்பக்கம் பெரிதாக ஒன்றும் நசுங்கவில்லை, பையன் பிழைத்திருக்க வேண்டிய அடி. அவனுடைய அப்பா, விசைத்தறிக்காரர், ஆஸ்பத்திரிப் பின்வாசலில் சட்டையைத் தப்பும் தவறுமாகப் பட்டன் போட்டுக்கொண்டு நின்றவர், இவரைக் கம்பெனி ஆள் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து அதைத்தான் கேட்டார். ஏர்பேக்கைத்தான் பலூன் என்றார், பணம் எப்ப வரும் என்று கேட்கவில்லை. பலூன் ஏன் சார் விரியல. இவர் அதற்கு முன்பே வண்டியில் சீட்டைத் தூக்கிப் பார்த்திருந்தார், அடியில் பலூனை ஊதச் சொல்லுகிற டப்பா வெள்ளத் தண்ணீரில் ஊறிப் பொறிந்து உப்பாகியிருந்தது. வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் சார், மொத வண்டி, பழசா இருந்தா போதும்னான். யாரும் பாத்துச் சொல்லலீங்களா என்று கேட்டார். பாத்தாருங்க, எங்க மச்சான் ஒருத்தர், வண்டி தெரிஞ்சவரு, நல்லாருக்குன்னுதான் சொன்னாரு. அந்த மச்சானை அறவாழி பார்த்ததில்லை. இத்தனை வருஷம் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததுமில்லை. எடுக்கலாம் என்று எப்படிச் சொல்லியிருப்பான், எந்தக் குரலில், ரோட்டைப் பார்த்தா பையன் முகத்தைப் பார்த்தா. வண்டி பரவால்ல. கண்ணாடி மட்டும் பாத்துக்கணும். பலூன் ஏன் சார் விரியல. இல்லை, இவள் அப்படி ஓட்டுகிற பெண் இல்லை, நிதானமாகத்தான் ஓட்டுகிறாள், இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், ஒரு வாரம், நாளைக்கே. நாளைக்குக் காலேஜ். பைபாஸ். லாரி. பலூன் ஏன் சார்.

யு-டர்ன் முடிந்து கொஞ்ச தூரம் வந்திருப்பார்கள். பேக்கரி ஒன்றின் முன்னால் நின்றிருந்த ஆட்டோ, பின்னால் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. முகிலா பிரேக்கை மிதித்தாள். சரியாகத்தான் மிதித்தாள், ஆட்டோ தப்பித்தது, ஆட்டோக்காரன் திரும்பி இவளை ஏதோ திட்டிவிட்டும் போனான். ஆனால் அறவாழியின் பெல்ட் அவரைப் பிடிக்கவில்லை. உருண்டு வந்துகொண்டே இருந்தது, அவர் கை டேஷ்போர்டில் போய் முட்டியது, மணிக்கட்டு சுளீரென்றது. பக்கத்தில் முகிலாவின் நெற்றி ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. ஒரு சாண்கூட இல்லை. அவள் தலைமுடி ஹாரன் மேல் விழுந்து கிடந்தது. "நான் பாத்துட்டுதான்பா இருந்தன்" என்றாள் நிமிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிக்கப் பார்த்தாள். "கரெக்டா புடிச்சனா?"

"ஓரமா நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்து சாமி."

நிறுத்தினாள். குப்புராஜ் பின்னாலிருந்து, "ஆட்டோக்காரனுக எல்லாம் அப்படித்தானுங்க சார், வண்டி பிரேக்கு பாத்தீங்களா எப்படிப் புடிக்குதுன்னு" என்று ஆரம்பித்தான். அறவாழி அவன் பக்கம் திரும்பவில்லை.

"உன் பெல்ட்டைக் கழட்டிட்டுக் கடைசி வரைக்கும் இழு" என்றார்.

அவள் இழுத்தாள். மாட்டுகிற அளவுக்கு வந்தது, அதற்கு மேலும் வந்தது, பிறகு உள்ளே கிடந்த பகுதி வெளியே வந்தது, பழுப்பாக, விறைப்பாக. காய்ந்த சேறு பொடியாக உதிர்ந்து அவளுடைய வெள்ளை சுடிதாரில் விழுந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"தூசிங்க பாப்பா, அது தூசி" என்றான் குப்புராஜ்.

"வெள்ளத்துல முங்குன வண்டி" என்றார் அறவாழி. "வேண்டாம். இதுல அடிபட்டா ஏர்பேக் விரியாது. பெல்ட்டும் புடிக்காது, இப்பப் பாத்தியே. இந்த வண்டிய யாருமே ஓட்டக் கூடாது."

முகிலா பெல்ட்டை விட்டாள். அது உள்ளே போகாமல் அவள் மடியில் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூளை எந்த வழியாக நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, ஒவ்வொரு சிக்னலாக, பால் வேன், கண்ணாடி, யு-டர்ன், பின்னாலேயே போய் யார்டு வாசல், கதவைத் திறந்து உட்கார்ந்த இடம்.

"நீங்க ஏறுனதும் உங்க பெல்ட்ட இப்படித்தான் இழுத்தீங்க" என்றாள். "நான் கண்ணாடில பாத்தன்."

நீங்க.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இப்பத்தான் என்று சொல்லலாம். பிரேக் போட்டப்பத்தான் சந்தேகம் வந்துச்சு என்று சொல்லலாம், நம்புவாள், நம்பாவிட்டாலும் நம்பினதாக வைத்துக்கொண்டு பேக்கரிக்கு வருவாள், பேக்கரி இதோ பக்கத்திலேயே இருக்கிறது, கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன்கூடத் தெரிகிறது. வாய் தயாராகத்தான் இருந்தது. அந்த விசைத்தறிக்காரரின் தப்புப் பட்டன் போட்ட சட்டை நடுவில் வந்து நின்றது.

"ஏறுனப்பவே" என்றார்.

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. கடைக்காரர் கணக்கு சரி என்று சொன்னதும் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

"ஹெலன் மிஸ்ஸோட வண்டில?"

"ஒண்ணுமில்ல. தங்கமான வண்டி."

"அதுக்கு முன்னாடி பாத்ததுல?"

அவர் முட்டிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் சாவியை உருவினாள், பின்னால் திரும்பிக் குப்புராஜ் கையில் கொடுத்தாள், மடியிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டு இறங்கினாள். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள், அது சரியாக மூடவில்லை, அதற்காக இன்னொரு முறை திறந்து சாத்தினாள். ரோட்டோரம் போய் நின்று போனை எடுத்தாள். பாதியில் நின்றுபோன கண்ணாடி வழியாக எல்லாம் கேட்டது.

"மிஸ், காலைல வந்தனுங்களே, முகிலா. வண்டி இருக்குதுங்களா இன்னும்? எடுத்துக்கறனுங்க. நாளைக்குக் காலேஜ் முடிஞ்சு வரட்டுங்களா?" எதிர்ப்பக்கம் ஹெலன் மிஸ் ஏதோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும். முகிலா கேட்டுக்கொண்டிருந்தாள். காரின் பக்கம் திரும்பவில்லை.

"அதெல்லாம் இல்லீங்க மிஸ், எட்டுதான் எனக்கு வேணும். இல்லீங்க. அவர் வர மாட்டாருங்க. நான் மட்டுந்தான்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் நிற்கிற யார்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அவ்வளவு தூரம் வெயிலில் நடப்பாளா, ஆட்டோ பிடிப்பாளா என்று அறவாழி பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஸ்கூட்டரில் இரண்டு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருக்கும். "இத்தன நேரம் நல்லாத்தான இருந்தீங்க சார்" என்றான் குப்புராஜ், முன்சீட்டுக்கு வருவதற்காக இறங்கிக்கொண்டே. அறவாழி பெல்ட்டைக் கழற்றினார். அது உள்ளே போகாததால் கையாலேயே மடித்துச் சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்.